ஒரு பிடி மாவும் ஒரு பிடி அரிசியும்



சென்ற மாத மடலைப் படித்துவிட்டு ஓர் அன்பர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர் ஒரு குடும்பத் தலைவர், உழைத்துப் பிழைப்பவர். அவர் பெயரையும் ஊரையும் இங்கே வெளியிடுவது முறையன்று. கடிதத்தில் இரண்டு வினாக்கள் இருந்தன. குருக்களைக் கடவுளே பராமரிக்கிறார் என்று நீங்கள் பிரசங்கத்தில் சொல்கிறீர்களே, வானத்துப் பறவைகளுக்கு இரை அளிப்பவர் தம் ஊழியருக்கு அளிக்கமாட்டாரா, பின் எங்களிடம் காணிக்கை கேட்பது எதற்கு என்பது முதல் வினா. என் வீட்டில் செபமாலை ஒருநாளும் தவறியதில்லை, ஆயினும் கடன் தீர்ந்தபாடில்லை, விசுவாசிகளுக்கு ஆண்டவர் வாக்களித்த பராமரிப்பு எங்கே என்பது இரண்டாவது வினா.

இவ்விரு வினாக்களையும்விட, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் அவர் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. திருவிழா வரி இரண்டு ஆண்டுகளாகப் பாக்கி நிற்பதால் ஊரார் முகத்தில் விழிக்க வெட்கமாயிருக்கிறதென்றும், மூன்று மாதங்களாகப் பூசைக்கே போகவில்லையென்றும் எழுதியிருந்தார். கொடுக்கப் பணமில்லை என்பதற்காக ஒரு மனிதர் கிறிஸ்துவின் பந்தியை விட்டு விலகி நிற்கிறார்! அவருக்குத் தனியே பதில் எழுதிவிட்டேன். ஆயினும் இப்புண் அவர் ஒருவருடையது மட்டுமன்று என்பதை நான் அறிவேன். எனவே இம்மாத மடலில் இதைப்பற்றி உங்கள் எல்லாரோடும் பேச விழைகிறேன். பேசுகிற நானும் உங்கள் காணிக்கையால் உண்டு வாழ்பவன். ஆதலால் இது எனக்கும் ஓர் ஆன்ம சோதனையே.

நிலமற்ற கோத்திரம்

இஸ்ராயேல் மக்கள் வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பங்கிட்டுக் கொண்டபோது ஒவ்வொரு கோத்திரத்துக்கும் நிலம் கிடைத்தது. லேவி கோத்திரத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. குடியிருக்க 48 ஊர்களும், கால்நடைகளுக்கு அவற்றைச் சுற்றிய மேய்ச்சல் நிலமும் தரப்பட்டன. உழுது பயிரிட்டுத் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்துவைக்கும் சொத்து தரப்படவில்லை. ஆண்டவரே அவர்களுடைய பங்கும் உரிமைச் சொத்துமாய் இருப்பார் என்று ஆரோனுக்குச் சொல்லப்பட்டதை எண்ணாகமம் 18-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

ஆண்டவர் ஒருவருக்குச் சொத்தாய் இருப்பதென்றால் அவருக்கு அன்றாடம் உணவு எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து விழும் என்று திருநூல் சொல்லவில்லை. மற்றக் கோத்திரத்தார் தம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை லேவியருக்கு அளிக்கவேண்டும் என்பதே ஏற்பாடு. ஆண்டவரின் பராமரிப்பு அயலானின் களத்துமேட்டு வழியாகவே வந்தது. அந்த லேவியரும் தமக்குக் கிடைத்த பத்தில் ஒன்றிலிருந்து மறுபடியும் பத்தில் ஒன்றை எடுத்து ஆண்டவருக்குக் காணிக்கையாக்க வேண்டியிருந்தது. பெறுகிறவனும் கொடுக்கிறவனாய் இருக்கவேண்டும். வாங்குவதோடு நின்றுவிடும் கை இந்த ஏற்பாட்டில் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் இறுதியைப் படித்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கை ஊர் வாயிலில் சேர்த்துவைக்கும்படி கட்டளையிடப்படுகிறது. அதை வந்து உண்டு நிறைவடைய வேண்டியவர் யார் யார்? நிலமற்ற லேவியன், அந்நியன், அநாதை, கைம்பெண். நான்கு பேரும் ஒரே பந்தியில் அமர்கிறார்கள்! கடவுளின் ஊழியனைத் திருநூல் ஊர்ப் பெருந்தனக்காரரோடு உட்காரவைக்கவில்லை. நாதியற்றவர்களின் வரிசையில் உட்காரவைக்கிறது. குருவுக்கென்று ஒரு பானை, ஏழைக்கென்று வேறொரு பானை என்று அங்கே இல்லை. ஆகவே கைம்பெண்ணின் பங்கு குறைந்து குருவின் பங்கு பெருகுமானால், அதைக் கடவுளின் பராமரிப்பு என்று சொல்ல எனக்கு நா எழாது.

இவ்வேற்பாடு இரு பக்கத்திலும் பழுதடையக்கூடும் என்பதையும் திருநூல் மறைக்கவில்லை. குருவாகிய ஏலியின் புதல்வர்கள், பலிப்பொருளின் கொழுப்பு ஆண்டவருக்கென்று எரிக்கப்படுமுன்னரே தம் ஆளை அனுப்பிப் பச்சை இறைச்சியைக் கேட்டு வாங்கினர். தர மறுத்தால் பலவந்தமாய் எடுத்துக்கொள்வோம் என்று மிரட்டினர். அதனால் மக்கள் ஆண்டவரின் பலியையே வெறுக்கும் நிலை வந்தது. குருவின் பேராசை அவனோடு ஒழிவதில்லை. மக்களின் பக்தியையும் உடன் கொண்டுபோய்விடுகிறது.

மறுபக்கம் நெகேமியாஸ் காலத்தில் நிகழ்ந்தது. அவர் யெருசலேமை விட்டுப் பாரசீக மன்னரிடம் சென்று, சில காலத்துக்குப் பின் திரும்பி வந்தபோது ஆலயம் வெறிச்சோடிக் கிடந்தது. லேவியருக்குச் சேரவேண்டிய பங்கு தரப்படாததால் பாடகரும் பணியாளரும் பிழைப்பைத் தேடித் தத்தம் வயலுக்கு ஓடிவிட்டனர். காணிக்கைத் தானியமும் எண்ணெயும் வைக்கவேண்டிய அறையோ செல்வாக்குள்ள ஒருவனுக்குத் தங்கும் இடமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதைக் கொடுத்தவர் ஒரு குருவே! நெகேமியாஸ் முதலில் அந்த அறையிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்தார், அறையைத் தூய்மைப்படுத்தினார், பின்னர் மக்கட்தலைவர்களைக் கடிந்துகொண்டார், இறுதியில் நம்பிக்கைக்குரியவர் என்று பெயரெடுத்தவர்களைப் பண்டகசாலைக்குப் பொறுப்பாளராக நியமித்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள். மக்கள் கொடுக்கவில்லையே என்று மக்களைக் குறை கூறுமுன், கொடுத்ததை வைக்கவேண்டிய அறை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது மேய்ப்பனின் முதற்கடமை.

சரேப்தா ஊர்க் கைம்பெண்

இனி, நாம் அனைவரும் சிறுவயது முதல் கேட்டறிந்த எலியாசின் வரலாற்றுக்கு வருவோம். ஆகாப் மன்னன் காலத்தில் மழை பொய்த்தது. இறைவாக்கினரை ஆண்டவர் ஓர் ஓடைக் கரையில் மறைத்துவைத்தார். காலையிலும் மாலையிலும் காகங்கள் அவருக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. இதுவரை கதை இனிமையாயிருக்கிறது. ஆனால் அதன்பின் ஓடை வற்றிவிட்டது. கடவுள் தாமே காட்டிய ஓடை, கடவுளின் ஊழியன் குடித்துக்கொண்டிருந்த ஓடை வற்றியது! நாட்டு மக்களின் கிணறுகளெல்லாம் வற்றியிருக்கையில் இறைவாக்கினரின் ஓடைக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்படவில்லை.

அடுத்தபடியாக ஆண்டவர் அவரை எங்கே அனுப்பினார்? சீதோன் நாட்டிலுள்ள சரேப்தாவுக்கு அனுப்பினார். எலியாசைக் கொல்லத் தேடிய யேசபேல் அரசி பிறந்த நாடு அது. அங்கே அவருக்கு உணவளிக்க ஆண்டவர் நியமித்திருந்தது ஒரு வணிகனையன்று, ஒரு நிலக்கிழாரையுமன்று. நகர வாயிலருகே சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கைம்பெண்ணை. அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் சிறிது எண்ணெய். அதைக் கடைசியாகச் சமைத்து, தானும் மகனும் உண்டபின் சாவதற்கு அவள் ஆயத்தமாயிருந்தாள். அவளிடம் போய், முதலில் எனக்கு ஒரு சிறு அப்பம் செய்து கொண்டுவா என்று கேட்கிறார் எலியாஸ்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் முன்பு எனக்குக் கூச்சமாயிருக்கும். பட்டினிச் சாவின் விளிம்பில் நிற்பவளிடம் ஒரு குரு கேட்கத் தகுமா என்று நினைப்பேன். அவ்வினாவுக்கு எனக்கு விடை தந்தது விரிவுரையன்று. நான் செய்த ஒரு பிழை. அதைச் சொல்கிறேன்.

என் முதல் பங்கில்

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டில் ஒரு சிற்றூரில் எனக்குப் பொறுப்பளிக்கப்பட்டது. வானம் பார்த்த பூமி. அவ்வூரில் பிடியரிசி வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போது வீட்டுத் தாய் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். ஞாயிறு வந்ததும் அதைக் கோவிலுக்குக் கொண்டுவந்து பீடத்தருகே வைப்பாள். அது உங்களில் பலருக்கும் தெரிந்த பழக்கமே.

நான் இளைஞன், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் ஆர்வம் மிகுந்தவன். இன்ன பூசைக்கு இன்ன தொகை என்று என் கைப்பட எழுதிச் சக்கிரீஸ்துக் கதவில் ஒட்டிவைத்தேன். ஒருநாள் வயதான கைம்பெண் ஒருத்தி, கணவரின் நினைவு நாளுக்குப் பூசைக் கருத்துக் கொடுக்க வந்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். கதவில் எழுதியிருப்பதென்ன என்று உபதேசியாரிடம் கேட்டாள். அவர் படித்துச் சொன்னார். முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்தாள், மறுபடியும் முடிந்துகொண்டாள். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டாள். அந்த நினைவு நாளும் கடந்து போயிற்று. ஒரு வாரத்துக்குப் பின்னரே உபதேசியார் தயங்கித் தயங்கி என்னிடம் இதைச் சொன்னார்.

குருமடத்தில் நான் படித்துத் தேர்வெழுதிய சட்டம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. 1983-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 945-ஆம் விதி, காணிக்கை ஏதும் இல்லாவிடினும் விசுவாசிகளின், சிறப்பாக ஏழைகளின், கருத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி குருக்களை வற்புறுத்திப் பரிந்துரைக்கிறது. 848-ஆம் விதியோ, வறுமையின் காரணமாக எவரும் திருவருட்சாதனங்களின் உதவியை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும் என்று பணிக்கிறது. விதியின் எண் எனக்குத் தெரிந்திருந்தது. வாசலில் வந்து நின்ற மனுஷியைத்தான் தெரியாமற்போயிற்று.

அன்று மாலையே அவள் குடிசைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலைப் பூசையை அவள் கணவரின் ஆன்மாவுக்காக ஒப்புக்கொடுத்தேன். கதவில் ஒட்டியிருந்த தாளையும் கிழித்தெறிந்தேன். பிழை தீர்ந்தது என்று எண்ணினேன். ஆனால் அதன்பின் இன்னொரு பிழை செய்தேன்.

அடுத்த ஞாயிறன்று அவள் ஒரு சிறு துணிப்பையில் அரிசி கொண்டுவந்தாள். முந்திய குற்றத்துக்குப் பரிகாரம் செய்வதாக எண்ணிக்கொண்டு, "வேண்டாம் அம்மா, உங்களுக்கே பத்தாதே, எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஏன் சாமி, எங்க வீட்டு அரிசி கோவிலுக்கு ஆகாதா?" என்றாள்.

எனக்குப் பேச்சு எழவில்லை. முதலில் அவள் முடிச்சிலிருந்த காசு போதாதென்று கதவைச் சாத்தினேன். இப்போது அவள் கையிலிருந்ததை வாங்க மறுத்து, கொடுக்கும் தகுதியே அவளுக்கு இல்லையென்று ஆக்கினேன். இரண்டாவது அவமானம் முதலாவதைவிடப் பெரிது. பையை இரு கையாலும் வாங்கிக்கொண்டேன். அன்றிரவு என் வீட்டில் உலையேறியது அந்த அரிசிதான்.

அதன் பிறகே சரேப்தாக் கைம்பெண்ணின் வரலாறு எனக்கு விளங்கிற்று. எலியாஸ் அவளிடமிருந்து பறிக்கவில்லை. சாகப்போகிறவள் என்று அவள் தன்னைத்தானே எழுதித் தள்ளியிருந்த வேளையில், உன்னாலும் ஒருவனுக்கு உயிர் கொடுக்க முடியும் என்று அவளை நிமிர்த்தினார். வெறுங்கையோடு கேட்கவுமில்லை, பானையில் மாவு குறையாது என்ற ஆண்டவரின் வாக்கைக் கொடுத்துவிட்டுக் கேட்டார். பின்பு அவளும் அவரும் அவள் வீட்டாரும் ஒரே பானையிலிருந்து உண்டனர். அவள் பட்டினி கிடக்க அவர் மட்டும் உண்ட நாள் ஒன்றுமில்லை. அவள் மகன் இறந்தபோது அந்தச் சாவையும் தம் சாவாகக் கருதிக் கடவுளிடம் போராடி மன்றாடினார். இம்மூன்றும் உள்ள குரு கேட்கலாம்: ஆண்டவரின் வாக்கைத் தருகிறவன், கொடுத்தவரோடு ஒரே பானையில் உண்கிறவன், அவர் வீட்டுச் சாவைத் தன் சாவாகக் கருதுகிறவன். இவை இல்லாத குரு கேட்பதற்குமுன் முழங்காலில் நிற்கட்டும். இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு காசும் அதற்கு முந்திய எச்சரிக்கையும்

நம் ஆண்டவரும் பிறர் தந்ததை உண்டு வாழ்ந்தவரே. மரிய மதலேனாளும், ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாவும், சூசன்னாவும், வேறு பல பெண்களும் தம் உடைமையைக் கொண்டு அவருக்கும் பன்னிருவருக்கும் பணிவிடை செய்தனர் என்று லூக்காஸ் 8-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அப்பத்தைப் பலுகச் செய்தவர், அப்பெண்களின் கையிலிருந்து அப்பத்தை ஏற்றுக்கொண்டார். சீடர்களை அனுப்பும்போது பணப்பையும் மூட்டையும் வேண்டாம் என்றார். வீட்டார் தருவதை உண்ணுங்கள், உழைப்பவன் கூலிக்கு உரியவன் என்றார். வீடு வீடாய் மாறிக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார். நல்ல சாப்பாடு கிடைக்கும் வீட்டைத் தேடிப் போகும் சோதனை ஊழியனுக்கு வரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆலயத்தில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணைப்பற்றி நாங்கள் அடிக்கடிப் பிரசங்கம் செய்கிறோம். மாற்கு நற்செய்தியில் அந்நிகழ்ச்சிக்கு நேர் முன்னே உள்ளதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நீண்ட அங்கி அணிந்து, முதலிடங்களை விரும்பி, நெடுநேரம் செபிப்பதாக நடித்து, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரைப்பற்றி ஆண்டவர் அங்கே எச்சரிக்கிறார். அவர்களுக்குக் கடுமையான தீர்ப்புக் கிடைக்கும் என்கிறார். அதை அடுத்தே அக்கைம்பெண் வருகிறாள். அவளுடைய இரண்டு காசை மக்களுக்கு எடுத்துரைக்கும் குரு, முந்திய எச்சரிக்கையைத் தனக்கு எடுத்துரைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

கூடாரம் தைத்த கைகள்

இனி புனித சின்னப்பரைப் பார்ப்போம். நற்செய்தி அறிவிப்பவர் நற்செய்தியாலேயே பிழைக்கவேண்டுமென்று ஆண்டவர் பணித்திருப்பதை அவர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் அழுத்தமாய் நிலைநாட்டுகிறார். போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்ற மோயீசன் சட்டத்தையும் சான்று காட்டுகிறார். உரிமையை இவ்வளவு உறுதியாய் நிறுவியபின், அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்கிறார்! கொரிந்துப் பட்டணத்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். நற்செய்திக்கு எவ்விதத் தடையும் நேரலாகாது என்பதே அவர் கருத்து.

ஆயினும் பிலிப்பி நகரத்தார் அனுப்பியதை அவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒரு முறைக்கு மேல் அவர்கள் உதவி அனுப்பினர். அவர் சிறைப்பட்டபோது எப்பப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பினர். அப்பணியில் அம்மனிதர் நோயுற்றுச் சாவின் வாய் வரை சென்று மீண்டார். அவர்களுக்குச் சின்னப்பர் எழுதிய நன்றியைக் கவனமாய்ப் படியுங்கள். எனக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனநிறைவோடு வாழக் கற்றுக்கொண்டேன் என்று தம்மைப்பற்றிச் சொல்கிறார். என் கடவுள் உங்கள் தேவையையெல்லாம் நிறைவு செய்வார் என்று அவர்களைப்பற்றிச் சொல்கிறார். வாக்குறுதியைத் தமக்கு வைத்துக்கொண்டு, மனநிறைவை மக்களுக்குப் போதிக்கவில்லை. நாங்கள் குருக்கள் சில வேளைகளில் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். அதற்காக என்னையும் சேர்த்து மன்னியுங்கள்.

அன்பருடைய முதல் வினாவுக்கு விடை இதுவே. கடவுள் தம் ஊழியரைப் பராமரிக்கிறார். உங்கள் கைகளாலேயே பராமரிக்கிறார். காணிக்கை என்பது பராமரிப்பு பொய்த்துப்போனதற்கு அடையாளமன்று. பராமரிப்பு வந்துசேரும் வழியே அது. ஆனால் அவ்வழி குருவின் வீட்டோடு முடிந்துவிடலாகாது. ஏறக்குறைய கி.பி. 155-இல் மறைச்சாட்சியான புனித யுஸ்தீன் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கையில், வசதியுள்ளோர் விருப்பப்படி தந்த காணிக்கை சபைத் தலைவரிடம் சேர்க்கப்பட்டதென்றும், அவர் அதைக்கொண்டு அநாதைகளையும் கைம்பெண்களையும் நோயாளிகளையும் சிறைப்பட்டோரையும் வழிப்போக்கரையும் காத்தார் என்றும் எழுதுகிறார். கி.பி. 251-ஐ ஒட்டிப் பாப்பரசர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதமொன்றை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் காத்துவைத்திருக்கிறார். அதன்படி உரோமைத் திருச்சபையில் அன்று 46 குருக்களும் 7 தியாக்கோன்களும் இருந்தனர். அதே திருச்சபை 1,500-க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் ஆதரித்து வந்தது. வேதகலாபனைக் காலத்துத் திருச்சபையின் வரவு செலவு அது!

விசுவாசிகளுக்குப் பராமரிப்பு எங்கே?

இரண்டாவது வினா இதைவிடக் கடினமானது. செபிக்கும் வீட்டில் கடன் இருக்கலாகாது என்று திருநூல் எங்கும் சொல்லவில்லை. பத்துக் கொடு, கடவுள் நூறாகத் தருவார் என்று வாணிபம் பேசுவோரை நம்பவேண்டாம். பசியும் தாகமும் குளிரும் தமக்கு நேர்ந்ததைச் சின்னப்பர் வரிசையாய் எழுதிவைத்துள்ளார்; அவர் விசுவாசம் குறைந்தவரா? சரேப்தாக் கைம்பெண்ணின் பானை ஒருநாளும் நிரம்பி வழியவில்லை. அடியில் இருந்த ஒரு பிடி மறுநாளும் இருந்தது, அவ்வளவே. பாலைவனத்தில் மன்னாவும் அன்றன்றைக்கு அளந்தே கிடைத்தது; பேராசையால் மறுநாளைக்கு வைத்தது புழுத்துப் போயிற்று. ஆண்டவர் கற்பித்த செபத்திலும் இன்றைக்கு வேண்டிய உணவையே கேட்கிறோம்.

ஆனால் அங்கே யாருக்காகக் கேட்கிறோம் என்பதையும் பாருங்கள். எனக்குத் தா என்று கேட்கவில்லை. எங்களுக்குத் தா என்று கேட்கிறோம். மன்னாவைக் குறித்த அதே வரலாற்றை எடுத்துக்காட்டி, ஒருவரிடம் மிகுதியாயுள்ளது இன்னொருவரின் குறையை நிறைவு செய்யவேண்டும் என்று கொரிந்தியருக்குச் சின்னப்பர் அறிவுறுத்துகிறார். யெருசலேமிலிருந்த முதல் விசுவாசிகளிடையே வறியவர் ஒருவரும் இல்லை என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. அங்கே மன்னா பொழியவில்லை. உள்ளவர் விற்றுக் கொடுத்தனர், தேவைக்கேற்பப் பகிரப்பட்டது. பின்னர் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, செபம் செய்யுங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று திருத்தூதர்கள் அவர்களை அனுப்பிவிடவில்லை. எழுவரைத் தேர்ந்து அப்பணியில் அமர்த்தினர்.

ஆகவே, அன்பரே, உம் குடும்பம் தனியே கடனில் மூழ்கிக்கொண்டிருந்தால், கடவுள் வாக்குத் தவறினார் என்று எழுதாதீர். உமக்கு அனுப்பப்பட்ட அப்பம் வழியில் யாரோ ஒருவர் வீட்டில் தங்கிவிட்டது என்று எழுதும். அது உம் பங்கின் குறை. ஒருவேளை உம் பங்குக் குருவின் குறை. வரி பாக்கியைக் கேட்க வந்தவர்கள், ஏன் பாக்கி என்று கேட்டார்களா?

நாம் செய்யத்தக்கவை

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கும், உடன் பணியாற்றும் குருக்களுக்கும் சில சொற்கள்.

திருவிழா வரி ஊர் கூடி வகுத்த ஏற்பாடு, திருவருட்சாதனங்களின் விலையன்று. வரி பாக்கியென்று ஒருவருடைய திருமுழுக்கையோ மணவோலையையோ அடக்கத்தையோ நிறுத்திவைக்க எவருக்கும் உரிமையில்லை. ஊர்ப் பெரியவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன். தேருக்கு ஒரு சரம் பூ குறைந்தால் மாதா வருந்தமாட்டார்கள்; பூசைக்கு ஒரு பிள்ளை குறைந்தால் வருந்துவார்கள்.

திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று சட்டத் தொகுப்பின் 222-ஆம் விதி சொல்கிறது. எளிய வாழ்வு வாழவேண்டும் என்று 282-ஆம் விதி குருக்களுக்குச் சொல்கிறது. விசுவாசிகள் தந்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்டவேண்டும் என்று 1287-ஆம் விதி சொல்கிறது. இம்மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவது நேர்மையாகாது. யெருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகையில், தம்மீது எவரும் குறை கூற இடமிராதபடி சபைகள் தேர்ந்த சகோதரரையும் சின்னப்பர் உடன் சேர்த்துக்கொண்டார். திருத்தூதருக்கே கணக்குத் துணை தேவைப்பட்டதென்றால் எனக்குத் தேவையில்லையா? என் பங்கில் மாதந்தோறும் முதல் ஞாயிறு பூசைக்குப் பின் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. அதனால் காணிக்கை குறைந்ததில்லை.

கோவில்பிள்ளை, உபதேசியார், பங்கு வீட்டில் சமைப்பவர் ஆகியோரின் கூலியை மறக்கவேண்டாம். குருக்களின் ஊதியத்தைப்பற்றிப் பேசும் 281-ஆம் விதியே, குருக்களுக்குப் பணிபுரிவோருக்கு நியாயமான கூலி தரவேண்டியதையும் சேர்த்தே பேசுகிறது. உழைப்பவன் கூலிக்கு உரியவன் என்ற சொல் குருவோடு நின்றுவிடுவதன்று.

கடன்பட்டவர்கள் ஒளிந்திருக்க வேண்டாம். 1833-இல் பாரீசு நகரில் ஓசானாமும் அவர் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் நம் பங்குகள் பலவற்றில் ஓசையின்றி உழைத்து வருகிறது. அவர்களிடம் சொல்லுங்கள், பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். உதவி கேட்பது இழிவன்று. எலியாசும் கேட்டார், சமாரியப் பெண்ணிடம் ஆண்டவரும் தண்ணீர் கேட்டார்.

கடிதம் எழுதிய அன்பருக்கு இறுதியாக ஒரு சொல். வரும் ஞாயிறன்று மனைவி மக்களோடு பூசைக்கு வாரும். காணிக்கைத் தட்டு உம்மிடம் வரும்போது போட ஒன்றுமில்லாவிடில் கையை அதன்மேல் வைத்து எடும். ஆண்டவருக்கு அது போதும். நற்கருணைக்கு எல்லாரும் வெறுங்கையைத்தான் நீட்டிக்கொண்டு வருகிறோம். வரி கட்டியவரின் கையும் கட்டாதவரின் கையும் அப்போது ஒன்றுபோலவே இருக்கும். அவ்விரு கையிலும் வைக்கப்படும் அப்பமும் ஒன்றே.

இம்மாதம் உலை வைக்கும்போது, இயன்ற வீட்டார் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவையுங்கள். அதைக் கோவிலுக்குக் கொண்டுவருமுன், உங்கள் தெருவில் உலையேறாத வீடு ஏதேனும் உண்டா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அங்கே கொடுங்கள். அதுவும் பீடத்துக்கே வந்து சேரும்.

நிறைவளிக்கும் இறைவன் உங்கள் பானையில் மாவு குறையாமலும், உங்கள் நெஞ்சில் இரக்கம் குறையாமலும் காத்தருள்வாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத்தந்தை